தொழுவத்துக் குடித்தனம்

பட்டணவாசிகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கிராமத்தில் மனிதர்கள் மாடு வளர்க்கிறார்கள், ஆடு வளர்க்கிறார்கள், கோழி வளர்க்கிறார்கள் என்பதே அந்த நம்பிக்கை. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரையில் நாங்களும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களாகத்தான் இருந்தோம். இப்போது எங்கள் அபிப்பிராயம் முற்றும் மாறிவிட்டது. ஒரு பசுவும், அதன் கிடாரிக் கன்றும், நாலு வெள்ளாடுகளும், சில கோழிகளும், ஒரு நாயும் சேர்ந்துகொண்டு எங்கள் இருவரையும் வளர்த்து வருகின்றன. அதிலும் சற்றுக் கண்டிப்பாகவே வளர்த்து வருகின்றன என்பதை நேயர்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

தேனி ஜில்லாவில், சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகும் பாதை மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால், அடிவாரத்தில் எங்கள் இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. ஒரு சிறு ஓட்டு வீடு, அதைவிடச் சற்றுப் பெரிய தொழுவம், ஒரு கிணறு. கிழக்கே தலை நிமிர்ந்தால் மேகமலை. மேற்கே வெகு தூரத்தில் கேரளத்து எல்லையில் நிற்கும் மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவில் விரிந்து கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. சூரியன் எங்களுக்கு மேகமலையின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஏறி வரவேண்டும். ஆகையால் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் வெயில் விழுந்து வெகு நேரம் ஆன பிறகுதான் எங்கள் முற்றத்தில் வெளிச்சம் வரும். "சூரியோதயம் ஆனதும் எழுந்திருப்போம்" என்று இங்கே ஒருவன் விரதம் எடுத்துக்கொண்டால் அவனுக்கு நல்ல தூக்கம் கிடைக்கும்.

ஆனால் தொழுவத்துக்குச் சூரியனிடத்தில் மதிப்புக் கிடையாது. காலை நாலரை மணிக்குச் சேவல் கூவும். உடனே ஆடுகள் பதில் சொல்லும். ஐந்து மணிக்குள் யாரும் வரவில்லையென்றால் பசு ஒரு முறை கனைக்கும். அந்தக் கனைப்பில் கோபம் இராது. பழைய காலத்துத் தலைமை உபாத்தியாயர், நேரம் கழித்து வந்த மாணவனைப் பார்த்துத் தொண்டையைச் சரி செய்துகொள்வாரே, அந்த மாதிரியான கனைப்பு. அதன் பிறகு படுத்திருக்க எங்களில் எவருக்கும் துணிவு வருவதில்லை.

எழுந்தவுடன் சாணம் அள்ள வேண்டும். கோமியம் தேங்கிய இடத்தைப் பெருக்கிக் குழியில் விடவேண்டும். பிறகு கறவை. நாட்டுப் பசுவுக்குக் கன்று முதலில் முட்டிக் குடித்தால்தான் பால் சுரக்கும். கன்றை எப்போது இழுத்துக் கட்டுவது என்பதில் எங்கள் வீட்டில் நாள்தோறும் வாக்குவாதம் உண்டு. எங்களில் சமையலறையை நிர்வகிப்பவர் காப்பியை நினைத்துச் சீக்கிரம் இழுக்க வேண்டும் என்பார். எங்களில் பேனா பிடிப்பவர் கன்றின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நிமிஷம்" என்பார். பெரும்பாலும் கன்றுதான் ஜயிக்கும். பிறகு ஆடுகளுக்கு அகத்தியும் கொடுக்காப்புளியும் ஒடித்துப் போட வேண்டும். கோழிகளைத் திறந்துவிட்டுத் தலை எண்ண வேண்டும். ஒன்பது மணிக்கு மேய்ச்சலுக்கு ஓட்ட வேண்டும். மாலை ஐந்தரைக்கு எல்லாவற்றையும் திரும்ப அடைத்து மறுபடியும் தலை எண்ண வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் கற்ற கணிதத்தில் இன்று உபயோகப்படுவது இந்த எண்ணிக்கை ஒன்றுதான்.

பசுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது மலை மாடு. கம்பம் பள்ளத்தாக்கில் மேகமலை, வருஷநாட்டு மலைச் சரிவுகளில் மந்தை மந்தையாக மேய்ந்து வளர்ந்த நாட்டு மாடுகளுக்கு மலை மாடு என்று பெயர். சிறிய உடல், கெட்டியான குளம்பு, எங்கே பாறை இருந்தாலும் ஏறிவிடும். கூடலூர்ப் பக்கத்து மந்தையொன்றிலிருந்து, காலடியில் ஒரு பெண் கன்றோடு அதை வாங்கி வந்தோம். செந்நிறமாக இருந்ததால் செவலை என்று பெயர் வைத்தோம். பால் பாத்திரங்கள் இரண்டு வாங்கினோம். தயிர் கடைய மத்து வாங்கினோம். நெய் உருக்குவதற்குத் தனிச் சட்டி ஒன்றும் வாங்கினோம்.

செவலை வேளைக்கு முக்கால் லிட்டர் கறந்தது. மத்தும் சட்டியும் பரணில் ஏறின. "ஏமாந்து போனோம்" என்று நாங்கள் தீர்மானித்துக்கொண்டிருந்த சமயத்தில், எங்கள் வேலியை ஒட்டி மாடு ஓட்டிப் போகும் பெரியவர் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். பிள்ளைப் பிராயம் முதல் மந்தையோடு மலையில் அலைந்தவர். எங்கள் முறையீட்டை முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, காலையில எந்திரிச்சதும் நீங்க செம்பைத் தூக்கிக்கிட்டுத் தொழுவத்துக்குப் போறீக. கூடையையில்ல தூக்கிக்கிட்டுப் போகணும்!"

முதலில் புரியவில்லை. பிறகு மெள்ள மெள்ளப் புரிந்தது. மலை மாட்டை இந்தப் பக்கத்தில் யாரும் பாலுக்காக வளர்த்ததில்லை. அறுவடையான வயல்களில் மந்தையை இரவு தங்கவைப்பதற்குக் கிடை போடுதல் என்று பெயர். நூறு மாடுகள் ஒரு வயலில் இரண்டு மூன்று இரவு படுத்து எழுந்தால், சாணமும் கோமியமும் மண்ணில் இறங்கி, அடுத்த பயிருக்கு வேறு எரு வேண்டாம் என்னும் நிலைமை ஏற்படும். அதற்காக நிலத்துக்காரர் மந்தைக்காரருக்குப் பணமோ தானியமோ கொடுப்பார். காளைக் கன்றுகள் உழவுக்கும் வண்டிக்கும் போகும். பால் கன்றுக்குப் போக மிஞ்சினால் மனிதருக்கு. இதுதான் பழைய ஏற்பாடு. ஒற்றைப் பசுகூட நாளொன்றுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் சாணம் தருகிறது. செம்பை வைத்து அளந்தால் செவலை பரம ஏழை. கூடையை வைத்து அளந்தாலோ, எங்கள் வீட்டில் அவளே தனவந்தி!

காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா இந்த விஷயத்தைத் தம் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மாட்டின் உழைப்பும் எருவுமே கிராமப் பொருளாதாரத்தின் அஸ்திவாரம் என்பது அவர் கொள்கை. அவர் கடைசிக் காலத்தில் வசித்த இடம் எங்களுக்கு வெகு தூரமில்லை. மதுரைப் பக்கத்துத் தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதனம். 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், அவர் காலமானார். அவருடைய பெயரைப் பட்டணத்தில் நாங்கள் மேடைகளில் கேட்டிருந்தோம். பொருளைத் தொழுவத்தில்தான் தெரிந்துகொண்டோம்.

இந்தக் குடித்தனத்தில் எங்கள் அறியாமைக்கு நாங்கள் கொடுத்த விலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முதல் வருஷம் பதினாலு கோழிகள் இருந்தன. "நாட்டுக் கோழிக்கு நோயேது?" என்று எண்ணித் தடுப்பு மருந்து போடாமல் இருந்துவிட்டோம். சித்திரை மாத வெயிலில் ஒரு நாள் இரண்டு கோழிகள் இறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றன. மறுநாள் வெள்ளை வெள்ளையாகக் கழிந்தன. ஐந்தாம் நாள் மூன்று கோழிகளே மிச்சம். இதற்கு வெள்ளைக்கழிச்சல் என்று பெயர். வந்த பிறகு மருந்து இல்லை. வருமுன் காப்பதுதான் வழி. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி. இவ்வளவுதான் செய்ய வேண்டியது. கால்நடை மருந்தகத்தில் விசாரித்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். நாங்கள் விசாரிக்கவில்லை. பதினொரு கோழிகளைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. இப்போதெல்லாம் நாட்காட்டியில் பண்டிகைகளுக்கு முன்னால் ஊசி போடும் நாட்களைக் குறித்துவிடுகிறோம்.

நாயின் கதை வேறு. பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில் உத்தமபாளையத்துக்கு அப்பால் கோம்பை என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரின் பெயரையே கொண்ட கோம்பை நாய் காவலுக்குப் பேர்போனது. செம்பழுப்பு நிறம், கறுத்த மூஞ்சி. அந்த ஜாதியில் ஒரு குட்டியை வாங்கி மணி என்று பெயரிட்டு வளர்த்தோம். தபால்காரர் முதல் காற்றில் பறக்கும் காகிதம் வரையில் எதையும் மணி சும்மா விடுவதில்லை. ஓர் இரவு மட்டும் அது குரைக்கவில்லை. கதவைப் பிறாண்டி உள்ளே வந்து, கட்டிலுக்கடியில் புகுந்து, விடியும் வரை அசையாமல் கிடந்தது. "இதற்கா இவ்வளவு சோறு போட்டோம்!" என்று பரிகாசம் செய்தோம். காலையில் ஆட்டுப்பட்டியைச் சுற்றி ஈரமண்ணில் பதிந்திருந்த சிறுத்தையின் கால்தடத்தைக் கண்டதும் பரிகாசம் நின்றது. பெரியவர் வந்து பார்த்தார். "குரைச்ச நாயை அது தூக்கிட்டுப் போயிரும், தாயி. கட்டிலுக்கடியில படுத்த நாய்தான் நாளைக்கும் காவல் காக்கும்" என்றார். அன்றே ஆட்டுப்பட்டிக்குக் கம்பி வலையும் மேல்மூடியும் போட்டோம். அது வரையில் ஆடுகள் எங்கள் கூடத்தில்தான் இராத்தங்கின. அந்த மூன்று இரவுகளில் அவை எங்கள் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டை வாசித்து முடித்துவிட்டன!

ஒரு விஷயத்தை நாங்கள் வெகு நாட்களாகக் கவனித்து வந்தோம். காலையில் கயிற்றை அவிழ்த்ததும் செவலை உடனே நடப்பதில்லை. கிழக்கே திரும்பி, மேகத்தில் பாதி மறைந்த மலையைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நிற்கும். அதன் பிறகுதான் வரப்பில் இறங்கும். பசு பார்க்கிறதே, அதை நாமும் பார்க்க வேண்டாமா என்று, பெரியவரைத் தொழுவத்துக்குக் காவல் வைத்துவிட்டு ஒரு நாள் மேகமலைக்குப் பஸ் ஏறினோம்.

சின்னமனூரிலிருந்து மேலே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் பிரயாணம். அடிவாரத்துத் தென்பழனியில் வனத்துறையாரின் சோதனைச் சாவடி இருக்கிறது. அதைத் தாண்டினால் பதினெட்டுக் கொண்டைஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மலரின் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் தலைச்சுற்றல் தெரிவதில்லை என்பது எங்கள் அனுபவம். மேலே போகப் போகப் பள்ளத்தாக்கு ஒரு பச்சைப் பாயைப் போல் காலடியில் விரிகிறது. நடுவில் முல்லையாற்றின் கோடு. 1895-இல் பென்னி குவிக் கட்டி முடித்த பெரியாற்று அணையின் தண்ணீரினால் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிற பூமி அது. செவலை தின்கிற வைக்கோலும் அங்கிருந்துதான் வருகிறது. திராட்சைப் பந்தல்களும் தெரிந்தன. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டங்கள். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் இவ்விடத்துக்கு ஹைவேவிஸ் என்று பெயரிட்டார்கள். அதற்கு முன்னிருந்த பெயர் பச்சைக்கூமாச்சி என்று முதியவர்கள் சொல்வார்கள். மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று அணைகளும், அவற்றின் கரையெல்லாம் தேயிலையும், தேயிலைக்கு மேலே கருத்த சோலைக்காடுமாக மலை அடுக்கடுக்காகப் போகிறது. இம்மலையின் ஒரு புறத்தில் சுருளியாறு இறங்குகிறது. மற்றொரு புறத்து வருஷநாட்டில் வைகை பிறக்கிறது. மதுரை நகரம் அருந்துகிற தண்ணீரின் பிறந்த வீடு இது என்று சொல்லலாம்.

தேயிலைச் சரிவின் மேல் விளிம்பில் கரும்பாறைகள் சில தென்பட்டன. அவற்றில் ஒன்று தலையைத் தூக்கிற்று. காட்டுமாடுகள்! முழங்கால் வரை வெள்ளைக் காலுறை அணிந்தாற்போன்ற கால்களுடன், ஏழெட்டு மாடுகள் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. சோலைக்குள்ளிருந்து சோலைமந்திகளின் குரல் கேட்டது. இந்த மலையில் அதிசயப் பிராணி ஒன்றும் உண்டு. 1948-இல் இங்கே ஒரு வௌவாலைப் பிடித்துப் பாடம் செய்து வைத்திருந்தார்கள். அது உலகில் அறியப்படாத புதிய வகை என்பது 1972-இல்தான் தெரியவந்தது. பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். இருபத்துநாலு வருஷம் பெயரில்லாமல் காத்திருந்த பொறுமைசாலி!

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் தேநீர் தந்த அம்மாள் ஒருவர், தம் வீட்டுப் பசுவைச் சூரியன் சாயுமுன் கொட்டகையில் அடைத்துவிடுவதாகச் சொன்னார். "நேரம் தவறினால் பசு நமக்கில்லை" என்றார். இதில் அவருக்கு யாரிடமும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மழை பெய்யும், பனி விழும் என்பது போல, புலி வரும் என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டிருந்தார்.

செவலை பார்த்துக்கொண்டு நிற்கிற மலை இதுதான். ஆனால் அந்த மலைக்கு அதன் இனத்தார் இனிப் போவதற்கில்லை. மேகமலைச் சரணாலயத்தையும், ஸ்ரீவில்லிபுத்தூரின் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் சேர்த்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு. இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. முதலில் எல்லாக் காடுகளுக்கும் என்றிருந்த அந்த உத்தரவு, அதே மாதத்தில், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குத் திருத்தப்பட்டது.

தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கான மாடுகள் மேய்ந்தால் மானுக்கும் காட்டுமாட்டுக்கும் புல் குறையும். வீட்டு மாட்டின் நோய் காட்டுமாட்டுக்குத் தொற்றும். 1968-இல் முதுமலை, பந்திப்பூர்ப் பகுதிகளில் வெக்கை நோய் பரவிக் காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அந்நோய் உலகை விட்டே ஒழிந்ததாக 2011-இல்தான் அறிவித்தார்கள். கோமாரி போன்ற நோய்கள் இன்றும் இருக்கின்றன. மறு பக்கத்தில் மந்தைக்காரர்கள் வேறு நியாயம் சொல்கிறார்கள். "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து மாடு மேய்ந்த மலை இது. அப்போதெல்லாம் புலி இல்லையா, காடு இல்லையா?" என்று கேட்கிறார்கள். பரம்பரை மேய்ச்சலுக்கு 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்கிறார்கள். இரண்டு கட்சியும் பொய் சொல்லவில்லை. அதுதான் இதிலுள்ள கஷ்டம்.

காட்டின் எல்லையைத் தாளில் போட்டுவிடலாம். பிராணிகள் தாளைப் பார்த்து நடப்பதில்லை. கேரளத்துச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்னும் யானை, 2023 மே மாதத்தில் மேகமலைக்கு வந்து சேர்ந்தது. 27-ஆம் தேதி கம்பம் நகரத்தின் வீதிகளிலேயே இறங்கிவிட்டது. ஜூன் 5 அன்று அதை மயக்கிப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வீதியில் யானை வந்த அன்று ஊரார் பட்ட பயத்தை அடிவாரத்தில் எவரும் மறக்கவில்லை.

பெரியவரிடம் ஒரு காலத்தில் நூறு மாடுகளுக்கு மேல் இருந்தனவாம். மலைக்குப் போக வழியில்லாமற் போன பிறகு முப்பதாகக் குறைந்துவிட்டது. அறுவடையான வயலும் தரிசும் குளத்தங்கரையுமாகத் தேடித் தேடி மேய்க்கிறார். நெல்லை இயந்திரம் அறுக்கிறது. வைக்கோலை இயந்திரம் உருளையாகச் சுற்றுகிறது. அது விலைக்குப் போய்விடுகிறது. "மிச்சத்தையும் தள்ளிவிட்டு வீட்டில் இரு" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லாமல் இருப்பது முடிவு எடுத்துவிட்டதற்கு அடையாளமோ என்று நாங்கள் உள்ளூர அஞ்சிக்கொண்டிருந்தோம்.

இந்நிலையில் சென்ற வருஷம் ஆடி மாதம் வந்தது. ஆடிக்காற்றைப் பற்றி எங்களுக்குப் பழமொழியாகத்தான் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் அது மலை இடுக்கு வழியாகப் புகுந்து ஊளையிட்டுக்கொண்டு ஓடும். தேனி ஜில்லாவில் காற்றாலைகளை நட்டிருப்பது வீணுக்கல்ல. ஓர் இரவு பதினொரு மணிக்குத் தொழுவத்தின் தகரக் கூரை பாதியைக் காற்றுப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அந்த நேரம் பார்த்துச் செவலைக்கு வலி கண்டது.

ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் சாக்கைக் கட்டிக் காற்றைத் தடுக்க, இரண்டரை மணிக்கு முன்னங்கால் இரண்டும் மூக்கும் தெரிந்தன. பெரியவர் முன்பே சொல்லியிருந்தார்: "காலும் மூக்கும் ஒண்ணா வந்தா நீங்க கைவைக்க வேண்டாம். அவளுக்குத் தெரியும்." நாங்கள் கைவைக்கவில்லை. மூன்று மணிக்குக் கன்று தரையில் விழுந்தது. செவலை திரும்பி நக்க ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரத்தில் அது நாலு காலும் நாலு திசையாக எழுந்து நின்று, மடியைத் தேடிச் சுவரை முட்டிற்று. விடியற்காலையில் நஞ்சுக்கொடி விழுந்தது. அதை வைக்கோலில் சுற்றிக் கட்டிக்கொண்டுபோய்ப் பெரியவர் ஆலமரத்தில் தொங்கவிட்டார். பாலுள்ள மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் வற்றாது என்பது நம்பிக்கை. நாய் இழுக்காமல் இருப்பதும் ஒரு பிரயோஜனம்தானே?

காளைக் கன்று.

அந்த ஒரு வார்த்தையில் எங்கள் சந்தோஷத்தோடு கவலையும் கலந்தது. கிடாரியாயிருந்தால் வைத்துக்கொள்ளலாம். காளைக்கு என்ன வேலை? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. எங்களிடம் வண்டி கிடையாது. இரண்டு ஏக்கரில் விளையும் தீவனம் ஒரு பசுவுக்கும் கிடாரிக்குமே போதும் போதாததாயிருக்கிறது. போதாக்குறைக்குத் தொழுவத்தின் கூரைக்குப் பணம் வேண்டியிருந்தது.

மார்கழியில் ஒரு தரகர் வந்தார். மாட்டுத் தரகர் சம்பிரதாயப்படி துண்டுக்கடியில் கையை வைத்து விரலைப் பிடித்து விலை பேசினார். அவர் சொன்ன தொகை கூரைக்குச் சரியாக இருந்தது. "கன்று எங்கே போகும்?" என்று கேட்டோம். அவர் வாய் திறவாமல் மேற்கு மலையைப் பார்த்தார். எங்களுக்கு விளங்கிவிட்டது. அவர் மேல் குற்றமில்லை. கேட்காமலிருந்தால் அவரும் பார்த்திருக்க மாட்டார். "பொங்கல் கழித்துச் சொல்கிறோம்" என்று அனுப்பிவைத்தோம்.

மாட்டுப் பொங்கலன்று கம்பத்துக்குப் போனோம். அங்கே தம்பிரான் மாட்டுத் தொழு என்று ஒரு கோயில் இருக்கிறது. நந்தகோபாலன் கோயில் என்றும் சொல்வார்கள். ஒக்கலிகர் சமூகத்தார் பராமரித்து வருவது. அந்தக் கோயிலில் விக்கிரகம் கிடையாது, மாடுகளே தெய்வம். அவற்றுள் ஒரு காளைக்குப் பட்டத்துக்காளை என்று பெயர். ராஜ மரியாதை அதற்கு. மாட்டுப் பொங்கலன்று சுற்று வட்டாரத்து ஜனங்கள் எல்லோரும் வந்து மாடுகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். குழந்தைகளைக் கொம்பருகே தூக்கிக் காட்டுகிறார்கள். கன்றுகளை இத்தொழுவுக்குக் காணிக்கையாக விடுகிற வழக்கமும் உண்டு. எங்கள் கன்றையும் இங்கே விட்டுவிடலாமே என்னும் எண்ணத்துடன்தான் போயிருந்தோம்.

கூட்டத்தில் நின்று பார்த்தபோது மனம் வேறு விதமாக ஓடிற்று. இங்கே வந்து கும்பிடும் நம்மில் எத்தனை பேர் வீட்டில் தொழுவம் இருக்கிறது? வேண்டாத கன்றைக் கோயிலில் விட்டுவிட்டு வேண்டுதல் என்று பெயர் வைப்பது தெய்வத்தை ஏமாற்றுவதாகாதா? இவ்விதம் யோசித்துக்கொண்டே வெறும் கையோடு திரும்பினோம்.

அன்று மாலை பெரியவர் வந்தார். கன்றின் முதுகைத் தடவினார். திமிலைப் பிடித்துப் பார்த்தார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். கன்றின் தகப்பன், பக்கத்து வயலில் கிடை போட்டிருந்த கூடலூர் மந்தையின் காளை என்பது அவருக்குத் தெரியும்.

"தாயும் கூடலூர்ப் பக்கம், தகப்பனும் கூடலூர்ப் பக்கம். எம் மந்தைக்கு இது வேற ரத்தம்" என்றார். சிறிது நேரம் கழித்து, "பொலிகாளைக்கு ஆகும், தம்பி. பணம் எங்கிட்ட இல்லை. வருஷத்துக்கு மூணு ராத்திரி உங்க நிலத்துல கிடை போட்டுத் தாரேன். சம்மதமா?" என்று கேட்டார்.

நாங்கள் கூரையை நினைத்தோம். பிறகு வேறொன்றை நினைத்தோம். கன்று பொலிகாளையாவதற்கு இரண்டு மூன்று வருஷம் செல்லும். அதன் வாரிசு மந்தையில் நடமாடுவதற்கு மேலும் சில வருஷம் ஆகும். நாளைக்கு மந்தையை விற்கப் போகிறவர் இன்றைக்குக் காளைக் கன்று கேட்பாரா? பிள்ளைகளுக்கு அவர் சொல்லாத பதில் எங்கள் திண்ணையில் கிடைத்துவிட்டது. சம்மதம் என்றோம். கூரைக்கு இப்போதைக்குத் தென்னங்கீற்று வேய்ந்துகொண்டோம். வெயிலுக்குத் தகரத்தைவிட அதுவே மேல் என்று செவலை கருதுவதாகத் தெரிகிறது.

பங்குனியில் கன்று பால் மறந்து மந்தையோடு போயிற்று. இரண்டு நாள் செவலை கத்தினாள். எங்களில் ஒருவரும் அந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. எவர் என்பதைச் சொல்ல உத்தரவில்லை.

சித்திரையில், நிலக்கடலை பிடுங்கிய எங்கள் நிலத்தில் முதல் கிடை விழுந்தது. இருட்டும் சமயத்தில் முப்பது மாடுகள் வேலி வழியாக வந்து ஒவ்வொன்றாகப் படுத்தன. இரவு முழுவதும் அசைபோடும் சப்தமும் பெருமூச்சும் கேட்டுக்கொண்டிருந்தன. கட்டிலுக்கடியில் போகாமல் மணி மந்தையின் ஓரத்தில் படுத்துக்கொண்டது. நாலரை மணிக்குச் சேவல் கூவிற்று. நாங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனோம்.

"கூடை எதுக்கு, தாயி? இன்னைக்கு அள்ள வேண்டாம், கிடக்கட்டும். மண்ணுக்குத்தானே போட்டது" என்றார் பெரியவர்.

மலைக்குப் பின்னால் வானம் வெளுத்தது. மாடுகள் எழுந்து உடம்பை உதறிக்கொண்டன. நடுவில் எங்கள் கன்று நின்றது. பெயர் சொல்லி அழைத்தோம். காதைத் திருப்பிற்றே தவிர வரவில்லை. தொழுவத்தில் செவலையைக் கயிறு அவிழ்த்து விட்டோம். அவள் மலையைப் பார்க்கவில்லை. மந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.